ஈரம் காயாத ஓடுகள்

ஆகஸ்டில் தோண்டி எடுத்து, மூன்று மாதமாகப் பெட்டியில் கிடந்த ஓட்டில் மண் இப்படி இளகியிருக்கக் கூடாது. வழக்கமாக அது காய்ந்து கெட்டிப்பட்டுப் போயிருக்கும். பேசின் தண்ணீரில் ஊறப்போட்டு, டூத் பிரஷால் தேய்த்துத் தேய்த்து, தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும்போதுதான் மனமில்லாமல் உதிரும். இன்று மொரீன் விரல் வைத்ததுமே வழுக்கிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள். அப்போதுதான் மழை நின்ற வயலின் வாசனை அடித்தது.

மூடிப்போன மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில் அவளையும் சேர்த்து மூன்றே பேர்தான் இருந்தார்கள். ஹேசல்பர்ன் ரோமானியப் பாரம்பரிய நண்பர்கள் சங்கத்தின் மற்ற உறுப்பினர்கள் மூடுபனியைச் சாக்காகச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சங்கம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கேக் விற்று, பழைய புத்தகம் விற்று, ஊர்க்கோடி வயலுக்கு அடியில் கிடக்கும் ரோமானியர் காலத்து ஓட்டுச் சூளையைக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டும் ஓய்வூதியக்காரர்கள், அவ்வளவுதான். தலைவர் ட்ரெவர் மேடைப் பக்கம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஹீட்டருக்குப் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவன் மொரீனின் கணவன் கிளைவ்.

கிளைவுக்கு மறதி நோய். போன மாதம் பைஜாமாவோடு நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தவனைப் போலீஸ்தான் கூட்டிவந்து விட்டது. இன்னொரு தடவை காணாமல் போனால் பராமரிப்பு இல்லம்தான் என்று சமூக நல அதிகாரி முடிவாகச் சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரே கட்டில். அவன் இல்லாத வீட்டில் மொரீனால் ஒரு ராத்திரிகூட இருக்க முடியாது. அதனால் கூடத்துக் கதவைப் பூட்டி, சாவியைத் தன் ஏப்ரன் பையில் போட்டிருந்தாள்.

மண் போன இடத்தில் ஒரு பாதம் தெரிந்தது.

"ட்ரெவர், ஓடி வாங்க! காலடி!"

சூளையில் சுடுவதற்கு முன் ஓடுகளை முற்றத்தில் பரப்பிக் காயவிடுவார்கள். ஈரத்தில் நாய் மிதிக்கும், ஆடு மிதிக்கும். இதுவோ மனிதனின் வெறுங்கால்.

ட்ரெவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அடடா! நல்லா அழுத்தி மிதிச்சிருக்கான் பாரு. மேஸ்திரிகிட்ட செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பான்."

"இத்தனை நூறு வருஷம் கழிச்சு நீங்க வேற ஏன் அவனைத் திட்டுறீங்க?"

"திட்டலம்மா, கும்பிடுறேன். அடுத்த கேக் விற்பனைக்கு இவன் படத்தைப் போட்டோம்னா கூட்டம் அள்ளிரும்."

அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்தார்கள். எது கிடைத்தாலும் முதலில் படம் எடுப்பது இவர்களுக்கு ஊறிப்போன பழக்கம். அந்த நேரம் முழுக்க மொரீன் ஒரு தடவைகூட ஹீட்டர் பக்கம் திரும்பவில்லை.

படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கவனித்தாள். இடது கால். சுண்டுவிரலும் அதை ஒட்டிய விரலும் இல்லை. கிளைவுக்கும் அப்படித்தான், புல்வெட்டும் இயந்திரம் கொண்டுபோன விரல்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கிளைவ், இங்க பாரேன், உனக்கு ஒரு ஜோடி கிடைச்சிருக்கான்!"

நாற்காலி காலியாக இருந்தது. அதன் கீழே ஷூக்கள் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன, உள்ளே சாக்ஸ் மடித்துச் செருகியிருந்தது. தேநீரில் இன்னும் ஆவி பறந்தது.

சமையலறை. கழிப்பறை. மேடைக்குப் பின்னாலிருந்த அலமாரி. பியானோவுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே, ஆணி அடித்து மூடியவை. சாவி அவள் பையில்தான் இருந்தது. கதவும் பூட்டித்தான் இருந்தது.

"போலீசுக்குப் போன் பண்றேன்" என்றார் ட்ரெவர்.

"வேணாம் ட்ரெவர், உங்க கால்ல விழுறேன். தெரிஞ்சா அவனைக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

"வெளிய உறையுதும்மா. வெறுங்காலோட இருக்கான்."

"ஆத்துப் பக்கம் மட்டும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துருங்க. அப்புறம் நானே போன் பண்றேன். சத்தியமா."

ட்ரெவர் சாவியையும் டார்ச்சையும் வாங்கிக்கொண்டார். "நீ இங்கயே இரு. அவன் வந்தா ஆள் வேணும்." வாசலில் தயங்கி நின்றார். "பூட்டின கதவு வழியா எப்படிம்மா போனான்?"

கதவு சாத்திக்கொண்டது. நாலு மணிக்கே இருட்டிவிட்ட நவம்பர், ஜன்னலில் முகம் பதித்த பனி, எங்கோ குழாயில் சொட்டு, ஹீட்டரின் முனகல், அதற்குள் அவ்வப்போது கேட்கிற மாதிரியும் கேட்காத மாதிரியும் ஈரச் சேற்றில் கால் பிடுங்கும் சத்தம். சத்தம் அவள் ஓடு எடுத்த பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

அடுத்த ஓட்டை எடுத்துக் கழுவினாள். வலது கால், விரல்கள் எல்லாம் இருந்தன. அதற்கடுத்தது இடது கால், இரண்டு விரல் இல்லை. செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தாள். இடுப்பு அறுவைக்குப் பிறகு கிளைவ் வலது குதிகாலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான். ஓட்டிலும் குதிகால் இழுபட்டிருந்தது. எத்தனை கூட்டத்திலும் அவள் அடையாளம் கண்டுகொள்ளும் நடை அது.

நாலாவது ஓட்டில் வேறு தடங்களும் இருந்தன. வட்ட வட்டமாக ஆணிப் புள்ளிகள். ரோமானியச் செருப்பின் அடிப்பாகம். வேறொரு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். அவனுக்கு இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன்.

அடுத்ததில் பாதங்கள் இல்லை. கால்விரல்கள் இழுபட்ட கோடுகள் மட்டும்.

அடுத்தது, சுடாத ஈரக் களிமண்போல, அவள் கையில் வளைந்தது.

"கிளைவ்" என்றாள். "எங்கடா இருக்க?"

அதில் இரண்டு முழங்கால் பள்ளங்கள். அப்புறம் நகக் கீறல்கள். தேய்ப்பதை விட்டுவிட்டு விரல்களால் மண்ணை வாரி எறிந்தாள். பேசின் கவிழ்ந்தது. கவலைப்படவில்லை.

பெட்டியின் அடியில் ஒன்றே ஒன்று பாக்கி. தடிமனான தரை ஓடு. ஓடு என்று சொல்ல முடியாது, சுடாத களிமண். நடுவில் விரித்த ஒரு கை பதிந்திருந்தது.

அந்தப் பள்ளத்தில் தன் கையை வைத்தாள்.

அது பிடித்துக்கொண்டது.

குளிர்ந்த, நடுங்குகிற, அவளுக்குத் தெரிந்த கை. இழுத்தாள். வரவில்லை. அவள் கைதான் மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று. எலும்பு வழியாக ஒரு குரல் ஏறி வந்தது.

"மோ... மோ..."

அவன் மட்டும் கூப்பிடும் பெயர். ஈஸ்டருக்குப் பிறகு அவன் மறந்துபோன பெயர்.

"இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன். விடமாட்டேன்."

மண் வெதுவெதுத்தது. பிறகு சுட்டது. காய்ந்த ஓடுகள் முற்றத்திலிருந்து நேரே சூளைக்குப் போகும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அவளே எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாள். இடது கையால் தேநீர்க் கெட்டிலை எட்டி எடுத்து, இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினாள். சுரீரென்று ஆவி எழுந்தது. இன்னும் தண்ணீர் வேண்டும். குழாய் கூடத்தின் அந்தக் கோடியில்.

கதவு திறந்தது. "மொரீன்! என்ன வாசனை இது... ஐயோ, கையை எடும்மா! கையை எடு!"

"தண்ணி கொண்டாங்க" என்று கத்தினாள். "ட்ரெவர், தண்ணி! காய விடக்கூடாது!"

களிமண்ணின் ஓரங்கள் வெளிறின. பிறகு சிவந்தன. அந்தச் சிவப்பு நாலு பக்கமும் உள்ளே நகர்ந்து அவள் மணிக்கட்டை நெருங்கியது. உள்ளே, அவள் விரல்களுக்கு நடுவே, அவன் விரல்கள் இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தன.