பன்னிரண்டாவது குழி

"உன் மூளையை எந்தக் கடையில அடகு வச்சிருக்கே?"

புருஷன் ஒரு தடவை அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அதுவும் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது!

அடகுக்கடை அவளுடைய அப்பா விட்டுப்போனது. கல்லாவில் உட்காருவது புருஷன். திட்டு வாங்குவது அவள். வேலையைக் கச்சிதமாகப் பங்கு போட்டிருந்தார்கள்.

அன்று காலையும் அவன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான்...

போன் அலறியது!

எடுத்தாள்.

"அடகுக்கடையா? இன்ஸ்பெக்டர் பேசறேன். உன் தம்பி இங்கதான் இருக்கான். டிரில் மாஸ்டரைக் கொன்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி முழிச்சிட்டிருக்கான். வந்து பாத்துக்கோ."

ரிசீவரை வைத்தாள்.

டிரில் மாஸ்டர்!

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர். மனைவி இல்லை. மக்கள் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் கத்தியால் குடைந்த பன்னிரண்டு குழிகள். குழிக்கு ஒன்றாக வெள்ளிக்காசு... அடுத்தடுத்த பன்னிரண்டு வருஷங்களில் அச்சடித்தவை. ஒரு வருஷம்கூட விட்டுப்போகாத வரிசை.

மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்காக, பன்னிரண்டில் மட்டமான ஒன்றைப் போன வருஷம் கொண்டுவந்து அடகு வைத்தார். எவளோ எந்தக் காலத்திலோ கழுத்தில் கோத்துக்கொள்ள ஆசைப்பட்டு ஓட்டை போட்ட காசு அது. தவணை தாண்டியது. அடகு மூழ்கியது. மூழ்கின சாமான்களை விற்க வைத்திருக்கும் தட்டில், நெளிந்த மோதிரங்களுக்கு நடுவே அந்தக் காசு போய்ச் சேர்ந்தது.

கிழவர் விடவில்லை. வாரா வாரம் வந்து, பென்ஷன் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன், யாருக்கும் கொடுத்துவிடாதே தாயே என்று சொல்லிவிட்டுப் போவார்.

இனி வரமாட்டார்.

* * *

இன்ஸ்பெக்டர் தீக்குச்சியால் பல் குத்திக்கொண்டே கதை சொன்னார். அவளுக்கு அவர் நாற்காலி காட்டவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் தம்பி கிழவரின் வீட்டுக்குப் போயிருக்கிறான். இரண்டு பேரும் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கிறது. காலையில் பேப்பர் போட வந்தவர், திறந்து கிடந்த கதவையும், கூடத்தில் மண்டை உடைந்து கிடந்த கிழவரையும் பார்த்திருக்கிறார். பெட்டியைக் காணோம்.

"பெட்டி தம்பிகிட்ட இருந்துச்சா சார்?"

"ரெண்டு தட்டு தட்டினா தானா வரும். அடகுக்கடைக்காரங்க புத்தி எனக்குத் தெரியாதா? திருடன் எடுத்தா திருட்டு. நீங்க எடுத்தா வட்டி."

அவர் ஜோக்குக்கு அவரே சிரித்தார். திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தப்போவதாகவும், ஆயுள் தண்டனைக்குக் குறைந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாமென்றும் சொன்னார்... பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப்போல!

கம்பிக்குப் பின்னால் தம்பி. ஒரே காலைப்பொழுதில் பத்து வயசு கூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது.

"அக்கா, இனிமே கடைக்கு வராதீங்கன்னு சொல்லத்தான் போனேன். மூழ்கின காசுக்கு இன்னும் எத்தனை நாள் அந்தக் கிழம் வந்து ஒப்பாரி வைக்கும், போய் நல்லா நாலு கேளுன்னு மாமாதான் அனுப்பினாரு. அவரும் கத்தினாரு. நானும் கத்தினேன். நான் கிளம்பும்போது உசிரோடதான் இருந்தாருக்கா."

மாமா என்றது அவளுடைய புருஷனை.

அந்த மாமா, வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வக்கீல் வைக்க வேண்டும் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கொலைகாரனுக்கு மச்சான்னு பேர் வாங்கினது போதாதா? அதுக்குக் கைக்காசு வேற செலவு பண்ணணுமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு சீட்டாடக் கிளம்பினான். மத்தியானம் ஆனால் கிளப்புக்குப் போயாக வேண்டும். ஊரே தீப்பிடித்தாலும் சீட்டு ஆறிவிடக்கூடாது!

அவள் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தாள். தம்பிக்கு அவளை விட்டால் வேறு நாதி இல்லை. அவளுக்கும் அப்படித்தான்.

* * *

இரண்டு நாள் கழித்து, மத்தியானம்.

கடை வாசலில் ஒரு தலை எட்டிப்பார்த்தது.

"வீட்டுக்காரர் இல்லையா?"

"இல்லை சார்."

தலைக்குப் பின்னால் உடம்பும் நிம்மதியாக உள்ளே வந்தது.

லென்ஸ்!

வெளியூர்க்காரர். ஊர் ஊராக அடகுக்கடை ஏறி இறங்கிப் பழைய காசுகள் வாங்குகிறவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். காசை அதை வைத்துப் பார்ப்பார். மனுஷர்களை வெறும் கண்ணால் பார்ப்பார். மனுஷர்கள் அவ்வளவுதான் தேறுவார்கள் என்பது அவர் கருத்து.

போன தடவை வந்தபோது அந்த ஓட்டைக்காசை, செத்த எலியைத் தூக்குகிறாற்போல விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். இதற்குப் பேர் காசு இல்லை, பிணம், நாய் கழுத்தில் கட்டு என்று சொல்லித் தட்டில் விட்டெறிந்தார். புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். டிரில் மாஸ்டரின் பெட்டி மட்டும் கிடைத்தால் கேட்ட விலை கொடுப்பேன், கிழம் தரமாட்டேன் என்கிறதே என்று அவர் புலம்பியதும் அன்றைக்குத்தான்.

இன்று நிதானமாக உட்கார்ந்தார். ஓடாத கடிகாரம் ஒன்றைப் பார்த்தார். வெள்ளி ஸ்பூனைப் பார்த்தார். காது உடைந்த கிண்ணத்தைக்கூடப் பார்த்தார். தட்டில் ஒன்றே ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

எழுந்தார்.

"அந்த நாய்க்காசு இன்னும் கிடக்கா? சும்மாதான் கேட்டேன். பேப்பர் மேல வைக்க ஆகும்."

அவளுக்குச் சுருக்கென்றது.

வாய்க்கு வந்த விலையைச் சொன்னாள். அந்த விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம்!

லென்ஸ் குதித்தார். உருக்கினால் அரை ஸ்பூன் தேறாது என்றார். படிக்காத ஜென்மங்களைக் கடையில் உட்காரவைத்தால் இப்படித்தான் என்றார்.

"அப்போ வேண்டாம் சார்."

தட்டை உள்ளே இழுத்தாள்.

அவர் வாசற்படி வரை போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"நாளைக்கு இதே நேரம் பணத்தோட வர்றேன். வேற எவனுக்கும் காட்டிடாதே."

அவர் தலை மறைந்ததும் போனை எடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் கொட்டாவியோடு கேட்டார். "ஓட்டைக்காசு வாங்கறது எந்தச் சட்டத்துல குத்தம்?"

"குத்தம் இல்லை சார். ஆனா போன தடவை நாய்க்குக் கட்டுன்னு தூக்கி எறிஞ்சவர், இன்னிக்கு நான் சொன்ன அநியாய விலைக்குத் தலையாட்டறார். ஆளும் அதேதான். காசும் அதேதான். நடுவுல என்ன சார் மாறிச்சு?"

"என்ன மாறிச்சு?"

"பெட்டி சார். ஓட்டைக்காசு யாருக்கும் ஆகாது. மத்த பதினொண்ணையும் கையில வச்சுக்கிட்டு, ஒரு குழி மட்டும் காலியா இருக்கேன்னு தூங்காம கிடக்கறவனுக்குத்தான் ஆகும்."

மறுமுனையில் பல் குத்தும் சத்தம் நின்றது.

* * *

மறுநாள் மத்தியானம் புருஷன் சீட்டாடப் போனான். பின்வாசல் வழியாக இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் வந்து இரும்பு லாக்கர் அறையில் உட்கார்ந்தார்கள். ஃபேன் இல்லை, காற்று இல்லை, பொம்பளை பேச்சைக் கேட்டு வந்தேன் பார் என்று இன்ஸ்பெக்டர் முனகிக்கொண்டே இருந்தார்.

லென்ஸ் வந்தார்!

பணக்கட்டை மேஜைமேல் வைத்தார். அவள் காசை நீட்டினாள். விளிம்பைப் பிடித்து வாங்கியவர், பணத்தின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"இரு. உட்காருதான்னு பாத்துட்டுத்தான் பணம்."

பையைத் திறந்தார்.

மரப்பெட்டி!



பதினொரு குழிகளில் பதினொரு காசுகள். அவர் பன்னிரண்டாவதைக் காலிக் குழியில் வைத்தார். 'டிக்'கென்று உட்கார்ந்தது. குழந்தையைத் தூங்கவைத்த தாய் மாதிரி அவர் முகம் மலர்ந்தது...

அறைக்கதவு படாரென்று திறந்தது!

"அசையாதே." இன்ஸ்பெக்டரின் கை பெட்டிமேல் விழுந்தது.

"யோவ், கையை எடு. வியர்வை பட்டா வெள்ளி கறுக்கும்."

"கொலை பண்ணிட்டு வந்தவனுக்கு வெள்ளி கறுக்குதேன்னு கவலையா?"

"கொலையா? யாரை?"

"டிரில் மாஸ்டரை."

லென்ஸ் ஒரு கணம் யோசித்தார்.

"ஓஹோ... அதான் பெட்டி அவ்வளவு மலிவா வந்துச்சா."

அவர் முகத்தில் பயம் இல்லை. மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்! திருடியவனாக இருந்தால், திருட்டுப் பெட்டியைப் பட்டப்பகலில் கடைக்கு எடுத்து வருவானா?

இன்ஸ்பெக்டருக்குக் குரல் இறங்கியது. "யார் வித்தது?"

"இந்தக் கடைதான். பெட்டியோட எல்லாம் மூழ்கிடுச்சுன்னு சொல்லி, முந்தாநாள் பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கொடுத்தார். கடைப்பக்கம் மட்டும் வந்துடாதீங்க, என் பொண்டாட்டி ஒரு மக்கு, ஊரெல்லாம் உளறிடுவான்னார். குழி காலியா இருந்தா எனக்குத் தூக்கம் வரலை. அவர் இல்லாத நேரமாப் பாத்து வந்தேன்."

"யாரு... யாரு கொடுத்தது?"

லென்ஸ் வாசலைக் கை காட்டினார்.

"அதோ வர்றாரே. அவர்தான்."

வாசலில் அவளுடைய புருஷன்!

சீட்டில் அன்றைக்குச் சீக்கிரமே தோற்றுவிட்டான். திட்டுவதற்குத் தோதாக வாயைத் திறந்தபடியே படியேறியவன்... பெட்டியைப் பார்த்தான். காக்கிச் சட்டையைப் பார்த்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

அவளுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. தம்பியை நாலு கேட்கச் சொல்லி அனுப்பியது ஏன்... தெருவுக்கே கேட்கட்டும் என்றுதான்! சண்டையை முன்னால் அனுப்பிவிட்டு, கொலையைப் பின்னால் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பெட்டியைத் தூக்கியவன், கடைத்தட்டில் கிடந்த ஒன்றை மட்டும் சீந்தவில்லை. பிணம் என்று லென்ஸ் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அடுத்தவனின் அலட்சியத்தைக்கூட இரவல் வாங்குகிற ஜென்மம்!

"முரட்டுத்தனமாப் பிடிக்காதீங்க, அது பழைய மரம்..." என்று லென்ஸ் பெட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் அதைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். லென்ஸ் கண்ணில் நீர் துளிர்த்தது. கிழவர் செத்ததற்கு வராத நீர்.

"என் தம்பியை எப்போ விடுவீங்க சார்?" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

"இப்பவேங்க. நீங்க கடையைப் பூட்டிட்டு வாங்க, கையோட கூட்டிட்டுப் போகலாம். ஆமா... இவருக்கு ஜாமீன் எடுக்க வருவீங்களா?"

"மத்தியானத்துல கடையை விட்டு வர முடியாது சார். காலையிலயும் முடியாது."

கான்ஸ்டபிள் புருஷனின் தோளில் கை வைத்தார். அவன் அவளைப் பார்த்தான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான்.

கல்யாணமான நாளிலிருந்து, அவளை ஒரு வார்த்தை திட்டாமல் அவன் அந்தப் படியிறங்கியது அன்றைக்குத்தான்!