டீசல் குடித்த பாசி எண்ணெய்

எங்கள் கொட்டகையில் இருந்த சின்ன இன்ஜின் படபடவென்று ஓடியதும், நான் குதித்த குதியில் சுவரில் இருந்த பல்லி கீழே விழுந்தது. பின்னே? அம்மா தொட்டியில் வளர்த்த பாசியிலிருந்து எடுத்த எண்ணெயில் அல்லவா அது ஓடியது.

அம்மா மட்டும் குதிக்கவில்லை.

"ஏம்மா, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஆனா பாசியைக் காயவைக்கிற அடுப்பு குடிச்ச டீசல், இந்த எண்ணெயைவிட அதிகம்டி."

திறந்த என் வாய் மூடவே இல்லை. ஒரு கொசு குடும்பத்தோடு உள்ளே போய் வந்திருந்தாலும் தெரிந்திருக்காது. நிறைய எண்ணெயை எரித்துக் கொஞ்சம் எண்ணெய் எடுத்திருக்கிறோம். தொட்டிகளை விற்றுவிட்டுப் பழைய பெயிண்ட் கம்பெனி வேலைக்கே போகப்போவதாக அம்மா சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்தால் பக்கத்து மீன்தொட்டிக் கடைக்குப் போய்விடுவேன். மீன்கள் யாரிடமும் போட்டுக்கொடுக்காது. அன்று கடைக்கார மாமாவின் முகம் என் முகத்தைவிட மோசமாக இருந்தது. குஞ்சு மீன்களுக்காக அவர் வளர்க்கும் தண்ணீர்ப் பூச்சிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தனவாம். அவை என்ன தின்னும் என்று கேட்டேன்.

"உயிருள்ள பச்சைப் பாசி. அதுக்கு நான் எங்க போவேன்?"

வீட்டுக்கு ஓடினேன். ஒரு வாளிப் பாசித் தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல், என்னவோ செய் என்றாள். பாதியைத் தெருவுக்கும் என் கால்களுக்கும் ஊற்றினேன். மீதி பூச்சிகளுக்குக் கிடைத்தது.

சில நாள் கழித்து அம்மா தொட்டியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாமா இரண்டு பெரிய கேன்களோடு வேகமாக உள்ளே வந்தார். பூச்சிகள் எல்லாம் செத்துவிட்டன போலும். நான் பாய்ந்து தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். அது காலியான கண்ணாடித் தொட்டி. என் அறிவு அப்படி.

"உங்க பொண்ணு தந்த பாசி இன்னும் வேணும்மா. மத்த கடைக்காரங்களும் கேக்குறாங்க. விலை சொல்லுங்க."

அம்மா ஸ்பேனரும் கையுமாக எழுந்து வந்தாள்.

"காயவச்சுத் தரணுமா?"

"ஐயையோ, காயவச்சா அது செத்துடும். அப்படியே தண்ணியோட ஊத்துங்க."

அம்மா அடுப்பைப் பார்த்தாள். கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். ஒரு தொட்டி மட்டும் எண்ணெய் ஆராய்ச்சிக்கு, மற்றதெல்லாம் பூச்சிகளுக்கு என்று மெதுவாகச் சொன்னாள்.

பிறகு ஸ்பேனரை மறுபக்கமாகத் திருப்ப ஆரம்பித்தாள்.