சீமாட்டி எந்தக் காலில் நொண்டினாள்?

வாசல் மணியில் வைத்த விரலை வந்த பெண் எடுக்கவே இல்லை. அவசரக்குடுக்கை ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் ஊரே குடுக்கை என்றுதான் கூப்பிட்டது, நாற்பது வயதில் அதற்குக் கோபித்துக்கொள்வதையும் அவன் விட்டுவிட்டான். அந்த வீட்டில் துப்பறிவது அவனுடைய அண்ணி. முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு தப்பான ஆளைப் பிடித்துக் கொடுப்பது இவன்.

வந்தவள் பல் டாக்டர். குதிரையேற்றக்காரியும்கூட.

"நாளைக்குத் தடை தாண்டுற போட்டி. என் குதிரை சீமாட்டி நொண்டுறா. யாரோ வேணும்னே ஏதோ செஞ்சிருக்காங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்."

அண்ணி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரிஞ்சா எங்ககிட்ட எதுக்கும்மா வந்தீங்க?"

"நான் நினைக்கிறது தப்பா இருக்கணும்னுதான்," என்றாள் டாக்டர். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் குதிரையின் வலது முன்னங்காலில் கூழாங்கல் குத்தியது. குதிரை வைத்தியர் மருந்து வைத்துச் சிவப்புக் கட்டுப் போட்டார். புண் ஆறியது. சூடு இல்லை, வீக்கம் இல்லை, குளம்பும் சரி என்று அவரே தடவிப் பார்த்துச் சொன்னார். நொண்டல் மட்டும் நிற்கவில்லை. நாளைக் காலைப் பரிசோதனையில் நொண்டினால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீமாட்டிக்கு வயது ஏறுகிறது. அடுத்த வருடம் இந்தப் போட்டியில் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.

"யார் மேல சந்தேகம்?"

"என் தாய்மாமா மேல. போன வருஷம் கடைசித் தடையில விழுந்து தோள் எலும்பை உடைச்சுக்கிட்டேன். அப்போலேர்ந்து குதிரையை விடு, குதிரையை விடுன்னு ஒரே பாட்டு. நேத்து சாயங்காலம் லாயத்துல தனியா நின்னாரு. எதுக்குன்னு கேட்டா திருதிருன்னு முழிக்கிறாரு. சாவியை வாங்கிட்டு, இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டேன். தோள்ல தூக்கி வளர்த்தவரு."

"மாமாதான்!" என்றான் குடுக்கை.

"செருப்பைப் போடு தம்பி. முதல்ல குதிரையைப் பார்க்கலாம்," என்றாள் அண்ணி.

லாயம் பளிச்சென்று இருந்தது. சீமாட்டி செம்பழுப்பு நிறம், இடது முன்னங்காலில் சிவப்புக் கட்டு. மனிதர்களைக் கண்டதும் இரண்டு அடி எடுத்துவைத்தாள். அந்தக் கால் தரையில் பட்டபோதெல்லாம் தலையை உயர்த்தி உயர்த்தி நொண்டினாள். டாக்டரின் அப்பாவும், பெரிய மீசை வைத்த லாயக்காரரும் ஒரே குரலில் "ஐயோ பாவம்" என்றார்கள். அண்ணி கூப்பிட்டனுப்பிய மாமா வாசலிலேயே நின்றார். அவர் முடிதிருத்துபவர், சட்டைப்பையில் சீப்பு துருத்திக்கொண்டிருந்தது. மருமகள் அவர் பக்கம் திரும்பவில்லை.

குடுக்கை தரையில் மண்டியிட்டுத் தேடினான். தீனித் தொட்டியை நோக்கி எறும்புச் சாரி போயிற்று.

"அண்ணி, சர்க்கரை! விஷம் கலந்த சர்க்கரை!"

"எறும்பு சாகலியே தம்பி. இன்னும் தேடு."

வைக்கோலுக்கு அடியில் கேரட் தழை கிடைத்தது. ஜன்னல் ஓரத்தில் ஆப்பிள் விதை. டாக்டர் முகம் சுளித்தாள். "போட்டி முடியுற வரைக்கும் அளந்து வைக்கிற தீனியைத் தவிர எதுவும் குடுக்கக்கூடாதுன்னு கறாரா சொல்லியிருக்கேனே!" மூன்று ஆண்களும் மூன்று திசையில் பார்த்தார்கள்.

அண்ணி சேணத்தின் வயிற்றுவாரைக் கையில் எடுத்துப் புரட்டினாள். வழக்கமாக மாட்டும் துளை தேய்ந்து நீண்டிருந்தது. இப்போது அதற்கு அடுத்த துளையில், தளர்வாக மாட்டிய தடம் இருந்தது.

"வலியில இருக்கிற ஜீவன் இளைக்கும். இவ பூரிச்சிருக்கா," என்றாள். பிறகு கேட்டாள்: "கல்லு குத்தினது எந்தக் காலும்மா?"

"வலது முன்னங்கால்."

"இப்போ எந்தக் கால்ல நொண்டுறா?"

டாக்டர் குனிந்து பார்த்தாள். "இடது! ஐயோ, கட்டு இருக்கிற காலையே பார்த்துக்கிட்டிருந்தேன். எந்தக் காலுன்னு யோசிக்கவே இல்லையே!"

"எல்லாருமே கட்டைத்தான் பார்த்திருக்கீங்க. அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினது யாரு?"

மாமா தொண்டையைச் செருமினார். "நான்தான், நேத்து. அழுக்கா இருந்துச்சு, துவைச்சுக் கட்டினேன். பின்னாடி போனா உதைக்குமோன்னு முன்னாடி முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னேன். என் வலது கைப்பக்கம் இருந்த கால்லதான் கட்டினேன்."

"எதிர்ல நிக்கிறவங்களுக்கு வலது பக்கம்னா, குதிரைக்கு அது இடது பக்கம். நீங்க கட்டைக் காலு மாத்திக் கட்டினீங்க, இவ நொண்டலைக் காலு மாத்திக்கிட்டா."

குடுக்கைக்குப் புரிவதற்குள் அண்ணி கட்டை அவிழ்த்தாள். எல்லோரையும் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னாள். சுவர் இடுக்கில் பத்துக் கண்ணும் முட்டி மோதின. முற்றத்தில் தனியாக விடப்பட்ட சீமாட்டி ராஜநடை போட்டாள், ஒரு துள்ளல்கூடத் துள்ளினாள். அண்ணி உள்ளே போய்க் கட்டை வலது காலில் கட்டிவிட்டு, டாக்டரின் அப்பாவிடம், "இருமுங்க," என்றாள். அப்பா இருமினார். சீமாட்டி காதை நிமிர்த்தினாள். உடனே வலது காலை இழுத்து இழுத்து நொண்ட ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி!" என்றார் லாயக்காரர்.

"கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு சும்மாவா சொன்னாங்க?" அண்ணிக்கே சிரிப்பு தாங்கவில்லை. "முதல்ல நொண்டினது நிஜம். அப்போ பாவம் பார்த்து ஒருத்தர் சர்க்கரை, ஒருத்தர் கேரட், ஒருத்தர் ஆப்பிள். சிவப்புக் கட்டுக் கட்டின காலைத் தூக்கினா விருந்து வரும்னு இவ கத்துக்கிட்டா. தடையை மீறிக் குடுத்ததால மூணு பேரும் வாயைத் திறக்கல. அடுத்தவரும் குடுக்கிறாருன்னு யாருக்கும் தெரியல."

"கேரட் நான்," என்றார் லாயக்காரர்.

"ஆப்பிள்," என்றார் அப்பா.

மாமா வாசலை நோக்கித் திரும்பினார். டாக்டரின் முகம் வெட்கத்தில் சிவந்துவிட்டது. அவள் தலையைத் தூக்குவதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார்.

மறுநாள் மைதானத்தில் அண்ணியின் உத்தரவுப்படி மாமா உட்பட மூன்று பேரும் ஒரு வேனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். குடுக்கை காவல். பரிசோதனைக்கு வந்த சீமாட்டி கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினாள். காலை லேசாகத் தூக்கியும் பார்த்தாள். எதிரே நின்ற அண்ணி கொட்டாவி விட்டாள். இந்த ஊரில் பருப்பு வேகாது என்று புரிந்திருக்க வேண்டும், சீமாட்டி ஒழுங்காக நடந்து காட்டினாள்.

ஓட்டம் தொடங்கியது. ஒவ்வொரு தடைக்கட்டையும் அசையாமல் பின்னால் போயிற்று. கடைசித் தடை வந்தபோது மாமா கண்ணை மூடிக்கொண்டார். "நான் பார்க்க மாட்டேன்ப்பா," என்றார். குடுக்கைக்கும் பார்க்கப் பயம்தான், ஆனாலும் பார்த்தான். குதிரையும் பெண்ணும் ஒன்றாக எழும்பி, ஒன்றாக இறங்கினார்கள்.

"தாண்டிட்டா! மாமா, தாண்டிட்டா!"

மாமா வேனைச் சுற்றிக்கொண்டு ஓடினார். "என் தங்கமே!" என்று அவர் போட்ட கூச்சல் மைதானம் முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டியவளுக்கும் கேட்டது. எல்லைக்கோட்டைத் தாண்டிய சீமாட்டி நின்று, திரும்பி, அவரை நோக்கி நொண்டிக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை பின்னங்கால்.

நடுவர்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். டாக்டர் கீழே குதித்து, சிரிப்பும் அழுகையுமாக அவர்களைக் கையமர்த்தினாள். இரண்டாம் பரிசு அவளுக்குத்தான் என்று ஒலிபெருக்கி சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. அப்பாவும் லாயக்காரரும் ஆப்பிளும் கேரட்டுமாக முண்டியடித்து வந்துவிட்டார்கள்.

டாக்டர் அவர்களைத் தாண்டிப் போய் மாமாவின் கையைப் பிடித்தாள். "முதல்ல நீங்க குடுங்க மாமா."

அவர் மூடியிருந்த கையைத் திறந்தார். சர்க்கரைக் கட்டி வியர்வையில் பாதி கரைந்து போயிருந்தது.