ரிவர்ஸில் நிற்கும் வண்டி

கியர் கம்பி P-யில் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் R எரிந்தது. பார்க்கிங்கில் நிற்கிற வண்டி, ரிவர்ஸில் இருப்பதாகக் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கோபம் வண்டி மேல் இல்லை, தம்பி மேல். இருவரும் சேர்ந்து நடத்தும் பட்டறை இது. போன வாரம் "ஒயர் லூஸுக்கா, அவ்ளோதான்" என்று டேப்பைச் சுற்றி வண்டியை அனுப்பிவைத்தவன் அவன். வீட்டில் அவனுக்குப் பெயர் சுண்டு. ஆறடி வளர்ந்தும் பெயர் மாறவில்லை, புத்தியும் மாறவில்லை. அம்மா போன பிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான் என்பதால் திட்டுவதற்கும் வேறு ஆள் கிடையாது.

காலையில் வண்டிக்காரர் சாவியை மேசைமேல் போட்டார்.

"சரி பண்ணி வித்துடும்மா. நான் இனிமே இதுல ஏற மாட்டேன்."

"ஏன் சார்?"

"பின்னாடி கேமராவைப் பாக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

சாரல் அடிக்கிறதென்று முன் ஷட்டரை இறக்கியிருந்ததால் பகலிலேயே பட்டறை இருண்டு கிடந்தது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் தன் இருமலே தனக்குக் கேட்காத அந்த இடத்தில், பழைய கியர் ஆயிலும் நனைந்த ரப்பரும் கலந்த நாற்றம் தொண்டைவரை இறங்கியது. வண்டியிலிருந்து இறங்கும்போது பின் டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த மஞ்சள் மரக்கட்டையில் கால் விரல் இடித்தது. இருந்த எரிச்சலில் அதை எட்டி உதைத்தாள். கட்டை உருண்டு வண்டிக்குப் பின்னால் போனது.

மல்லாந்து அடியில் நுழைந்தாள். எந்த கியரில் இருக்கிறோம் என்று வண்டிக்குச் சொல்லும் சென்சார் கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கினாள். இனி திரையில் எந்த எழுத்தும் வரக் கூடாது.

எழுந்து வண்டிக்குள் ஏறிப் பார்த்தாள். R.

"யாரு உனக்குச் சொல்றா?" என்று வண்டியையே கேட்டாள்.

பதில்போல டாஷ்போர்டின் நடுத்திரையும் எரிந்தது. பின்கேமராவின் படம். பட்டறையின் பின்சுவர், அடுக்கிவைத்த டயர்கள், பின்கதவு எல்லாம் இருந்தபடியே இருந்தன. ஆனால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். நீலச் சட்டை. குனிந்த தலை.

சுண்டு இல்லை. அவன் காக்கிச் சட்டையில் டீக்கடைக்குப் போயிருக்கிறான். பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். டயர்கள் மட்டும். இறங்கிப் போய்ப் பார்த்தாள். ரிவர்ஸ் விளக்கின் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் கட்டை கிடந்தது. வேறு எதுவும் இல்லை.

பயத்தைக் கோபமாக்கிக்கொள்வது அவளுக்குக் கைவந்த கலை. போனை எடுத்தாள்.

"எங்கடா தொலைஞ்ச?"

"மழைக்கா..."

"நீ கிழிச்ச வேலையைப் பாக்க வா. வந்ததும் மொதல்ல பின் டயருக்குக் கட்டையை வை."

"பக்கத்துலதானே நிக்கற, நீயே வையேன்."

"எல்லாத்தையும் நானேதான் பண்ணணுமா? நீதான் வைக்கிற. வாடான்னா வா!"

"வரேன், வரேன். தொப்பலா நனைஞ்சுட்டேன். வீட்டுல சட்டையை மாத்திட்டு வரேன்."

பானெட்டைத் தூக்கி பேட்டரி ஒயரைக் கழற்றினாள். எல்லா விளக்கும் செத்தது. அப்பாடா என்றிருந்தது. சீட்டில் கிடந்த, கோளாறு பார்க்கும் ஸ்கேனரை எடுக்க உள்ளே உட்கார்ந்தாள். கதவு தானாக, மெதுவாக, அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

R எரிந்தது.

பேட்டரி இல்லாத வண்டியில்.

நடுத்திரையில் அதே ஆள். இப்போது கையில் மஞ்சள் கட்டை இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். ஆள் இல்லை. கட்டை தரையில்தான் கிடந்தது.

திரையில் அவன் திரும்பினான். ஈரத் தலை. சுண்டு. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

கண்ணாடியில் பின்கதவு திறந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சுண்டு உள்ளே வந்தான்.

நீலச் சட்டை.

கதவுப் பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. ஹார்னை அழுத்தினாள். ஊமை. பேட்டரியைக் கழற்றியது அவள்தான். கதவுக் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். "போடா! வெளியே போடா!" கூரையில் மழை.

அவன் பார்த்தான். அக்காவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. கையை உயர்த்தி, சரி சரி, வைக்கிறேன் என்று சைகை காட்டினான். சிரித்தான்.

கட்டையை எடுக்கக் குனிந்தான்.

வண்டி அசைந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. பிரேக்கை மிதித்தாள். கால் தரைவரை போனது. கைபிரேக். பிடிக்கவில்லை. சுண்டு. சுவர்.

நின்றது.

R அணைந்தது. P எரிந்தது. கம்பி எங்கே இருந்ததோ அதையே வண்டி இப்போது சரியாகச் சொன்னது.

கண்ணாடியில் யாரும் இல்லை. திரையில், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில், நீலச் சட்டைக்காரன் முதுகைக் காட்டி, தலை குனிந்து, அப்படியே குந்தியிருந்தான்.