வாங்காத மூச்சு

மழைக்காலம் முடிந்தும் அந்த அடித்தள அறையில் ஈரம் போகவில்லை. துணிக்கடைக்குக் கீழே இருந்த ஒலிப்பதிவு அறை அது. சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்சில் பூஞ்சை வாடை. ஜன்னல் கிடையாது. உள்ளே வந்துவிட்டால் உச்சிவெயிலும் இருட்டும் ஒன்றுதான். மூத்தவள் விளக்கைப் போட்டு, முரண்டுபிடித்த ஏசியை ஓடவிட்டு, நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தங்கையின் கணவன் படியிறங்கி வந்தான். கையில் ஹார்ட் டிஸ்க்.

தங்கை செத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நுரையீரலில் வந்த நோய். படுக்கையில் விழுவதற்கு முன் இதே அறையில் ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போயிருந்தாள். மெட்டு அவனுடையது. டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் என்று தனித்தனியாகப் பதிந்திருந்ததைக் கலந்து ஒரே பாட்டாக்கும் மிக்ஸிங் வேலைதான் பாக்கி. மூத்தவளுக்கு அதுதான் பிழைப்பு.

"உட்காருங்க மாப்பிள்ளை."

"இல்லக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்." அவன் வாசலைத் தாண்டவில்லை. "அவ மூச்சு வாங்கற சத்தம் வேண்டாம். வரிக்கு வரி வருதே, அதெல்லாம் எடுத்துடுங்க."

"எடுத்தா பாட்டு செத்துடும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில ராப்பகலா அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இதுலயும் கேக்க என்னால ஆகாது. எடுத்தா வெளியிடலாம். இல்லேன்னா அலமாரியிலயே கிடக்கட்டும்."

டிஸ்க்கை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் வேலையில் உட்கார்ந்தாள். கிட்டாரை இடது காதுப் பக்கம் தள்ளினாள். டிரம்ஸை ஒரு படி இறக்கினாள். குரல் ஏறி உட்கார இடம் வேண்டுமே. பிறகு குரலை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தாள். திரையில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சின்னப் புழு நெளிவதுபோல் ஒரு மூச்சு.

பதிவின்போது இதைச் சொல்லித்தான் தங்கையைக் கேலி செய்திருந்தாள். "நீ மூச்சு வாங்கறது தெருவுக்கே கேக்குதுடி."

"வாங்கினாத்தானே விட முடியும்? கடைக்காரன் மாதிரி கணக்குப் பாக்காதே, போ."

ஒவ்வொன்றாக வெட்டினாள். கடைசிப் புழுவும் போனபின் பாட்டை ஓடவிட்டாள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம். வீட்டைக் காலிசெய்து பெருக்கிவிட்டுப் போன கூடம்போலச் சுத்தம். பாடுகிறவள் மட்டும் அதில் இல்லை.

மறுபடி ஓடவிட்டபோது இரண்டாவது வரிக்கு முன் மூச்சு கேட்டது.

ஒன்றை விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று குரலைத் தனியாகக் கேட்டாள். அங்கே ஒன்றும் இல்லை. டிரம்ஸைத் தனியாகக் கேட்டாள். இரண்டு அடிகளுக்கு நடுவே, மெல்ல, அந்த இழுப்பு. பாடும்போது டிரம்ஸ் மைக்கில் கசிந்திருக்கும் என்று வெட்டினாள்.

கிட்டாரில் கேட்டது. அங்கேயும் வெட்டினாள்.

பேஸில் கேட்டது.

அவள் கை நின்றது. பேஸ் கிட்டாரை ஒயர் போட்டு நேராக மெஷினுக்குள் பதிந்திருந்தார்கள். அதற்கு மைக்கே வைக்கவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஏசியையும் அணைத்தாள். ஹெட்போனில் இழுப்பு, விடல், இழுப்பு, விடல். பாடுகிறவளின் மூச்சு இல்லை. படுக்கையில் கிடக்கிறவளின் மூச்சு. மருந்தும் வியர்வையும் கலந்த வார்டு வாடை பூஞ்சை வாடைக்குமேல் ஏறி வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடும் அறை இருட்டாகக் கிடந்தது. அங்கிருந்த மைக்கின் ஒலியளவைக் காட்டும் பச்சைக்கோடு திரையில் ஏறியது.

இறங்கியது.

ஏறியது.

"நீயாடி?"

கோடு பாதியில் நின்றது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்பதுபோல.

மூத்தவளுக்கு எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஆனால் கைதான் நகர்ந்தது. வெட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினாள். ஒட்டியதோடு விடாமல், ஒவ்வொரு மூச்சின் சத்தத்தையும் ஒரு படி ஏற்றிவைத்தாள். கடைசி மூச்சு அதன் இடத்தில் உட்கார்ந்ததும் பச்சைக்கோடு அடங்கியது. வாடையும் போயிருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் காலை அவன் வந்து உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை, மூச்சை நான் எடுக்கல. திட்டறதுன்னா கேட்டு முடிச்சுட்டுத் திட்டுங்க."

அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. பாட்டு ஓடியது. முதல் மூச்சுக்கே கண்ணை மூடிக்கொண்டான். வரிக்கு வரி அவன் நெஞ்சும் கூடவே ஏறி இறங்கியது. கடைசி வரியைத் தங்கை நீளமாக இழுத்துப் பாடி, மீதமிருந்த காற்றையும் விட்டுவிட்டு ஓய்ந்தாள்.

"இப்படித்தான்க்கா," என்றான். "இப்படித்தான் விட்டா. அடுத்தது வாங்குவா, வாங்குவான்னு அவ வாயையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து என் கையைப் பிரிச்சுவிட்டாங்க. அப்பவும் வாங்குவான்னுதான் நினைச்சேன்."

மூத்தவள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அவன் குடிக்கவில்லை.

"மூச்சு இருக்கட்டும். இப்படியே வெளியிடுவோம்."

மெஷினை அணைத்தாள். ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினாள். ஏசி நின்றது. கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு, சாவியோடு அவன் பின்னால் வாசலுக்கு வந்தாள். அவன் கதவில் கை வைத்திருந்தான்.

இருட்டுக்குள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒருத்தி மூச்சு வாங்கினாள்.

ஆழமாக. நெஞ்சு நிறைய. அடுத்த வரியைத் தொடங்கப் போகிறவள் வாங்குவதுபோல.

இருவரும் திரும்பவில்லை. கதவில் இருந்த அவன் கையை மூத்தவள் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுதாக்கா?"

"பேசாதீங்க."

காத்திருந்தார்கள். மேலே கடையின் ஷட்டரை யாரோ தூக்கினார்கள். தெருவில் ஹாரன்கள் கத்தின. வரி வரவில்லை.

வாங்கிய மூச்சை அவள் இன்னும் விடவில்லை.