எழுந்து சிரிக்கிற ஷாட்

கிள்ளானில் அந்தப் பழைய வீட்டுக்கு முன்னால் வாலண்டைன் காரை நிறுத்தியபோது மதியம் இரண்டு மணிகூட ஆகியிருக்காது. ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்ததில் பொழுதே சாய்ந்துவிட்டது போலிருந்தது. வேலியோரம் ஜெனரேட்டர் லோரி உறுமிக்கொண்டிருந்தது. கார் நிறுத்தும் கூரையின் கீழே ஆட்கள் நின்றபடியே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். படப்பிடிப்பு நடக்கிற எந்த இடத்திலும் காண்கிற காட்சிதான், பயப்பட அதில் ஒன்றுமில்லை.

இருந்தும் மனிதருக்குக் காரை விட்டு இறங்கக் கால் வரவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில்தான் அவர் 'மூடாத பெட்டி' என்ற பேய்ப் படத்தை எடுத்தார். பிரிக்பீல்ட்ஸில் கல்யாண வீடியோ பிடித்துக்கொண்டிருந்த ஆள், அந்த ஒரே படத்தில் நாடறிந்த இயக்குநர் ஆகிவிட்டார். அதற்குக் காரணம் ஒரே ஒரு ஷாட். சவப்பெட்டியில் வயதான ஓர் அம்மாள் கிடப்பாள். கேமரா அவள் முகத்தை விட்டு நகராது. முழுசாக நான்கு நிமிடம். இமை ஆடாது, மூக்கில் வைத்த பஞ்சு அசையாது. தியேட்டரில் ஜனம் தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தது. "எப்படி லா அந்தம்மா மூச்சே விடாம நடிச்சாங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது.

அதற்குப் பிறகு ஐந்து படம் எடுத்தார். ஐந்தையும் அந்த நான்கு நிமிடம் தின்று ஏப்பம் விட்டது. யூடியூபில் படங்களைக் கிழித்துத் தோரணம் கட்டும் ஷார்மைன் என்ற பெண், "வாலண்டைன் ஒரு ஷாட் டைரக்டர் லா. அந்த நாலு நிமிஷத்த எடுத்துட்டா அவர்கிட்ட ஒண்ணுமே இல்ல," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அதை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். ரசிகர்களோ அவளைவிட மோசம். அன்பு என்ற பெயரில் உயிரை எடுத்தார்கள். அன்றைக்குக்கூட லிட்டில் இந்தியாவில் தே தாரேக் குடிக்க நின்றவரைப் பிடித்து, கணவன் மனைவி ஜோடி ஒன்று செல்ஃபி கேட்டது. புருஷன்காரன் கண்ணை மூடி, கையை நெஞ்சில் கட்டி, பிணம் மாதிரி போஸ் கொடுத்தான்.

"பாஸ், ரெண்டாம் பார்ட்ல அஞ்சு நிமிஷம் வைங்க. இல்லாட்டி நாங்க பார்க்கவே மாட்டோம்."

வாலண்டைனும் பல்லைக் காட்டி வைத்தார். திட்டுகிறவர்களை அவரால் திருப்பித் திட்ட முடிந்தது. ஆனால் யாராவது அந்த ஷாட்டைப் புகழ்ந்தால் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது.

ஏனென்றால் பவுனம்மாள் நடிக்கவில்லை.

அந்த நான்கு நிமிடத்தில் மூன்றாவது நிமிடம் அவள் உயிர் போய்விட்டது. உலகத்தில் இது வாலண்டைன் ஒருவருக்குத்தான் தெரியும். அன்றைக்குச் சத்தம் வரக்கூடாது என்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, தானே கேமரா பிடித்தார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் பிணமாக நடித்தாலும், ஷாட் முடிந்த கையோடு எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். செத்தது பொய், உயிரோடு இருப்பதுதான் நிஜம் என்று கேமராவுக்குச் சொல்லிவிடுகிற மாதிரி. அந்த ஷாட் எடுக்காமல் யாரையும் பெட்டியை விட்டு இறங்க விடமாட்டார்கள்.

பவுனம்மாளின் மகள் மலர் அன்று பிணவறை வாசலில் நின்று கேட்டது அதைத்தான். "அம்மா எழுந்து சிரிச்சாங்களா, அங்கிள்?"

"சிரிச்சாங்கம்மா. சிரிச்சிட்டு டீ கேட்டாங்க. அப்புறம்தான் மயக்கம் வந்துச்சு."

பாவி மனிதர், அந்த ஒரு பொய்யைப் பத்து வருஷம் தோளில் சுமந்தார். மலர் அந்தச் சிரிப்பு ஷாட்டைப் பார்க்கக் கேட்டபோதெல்லாம், டிஸ்க் கெட்டுப் போய்விட்டது என்று இன்னொரு பொய்யை மேலே ஏற்றினார்.

இப்போது இரண்டாம் பாகம். பெட்டியில் கிடக்கப் போவது மலரேதான்.

அது தயாரிப்பாளர் தம்புசாமியின் யோசனை. "அம்மா நடிச்ச ரோல்ல மகள். இதவிட என்னய்யா பப்ளிசிட்டி வேணும்?" என்றார். வாலண்டைன் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஏன் வேண்டாம் என்றுதான் அவரால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குள் காலை வைத்ததும் வாடை மூக்கில் ஏறியது. ஈரச் சுவர், பெட்டிக்கு அடித்த வார்னிஷ், பன்னீர். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். நடுக்கூடத்தில் ஒரே ஒரு விளக்கின் கீழே பெட்டி திறந்து கிடந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்து மலர் காலாட்டிக்கொண்டிருந்தாள். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். முப்பத்தைந்து வயசு, முகத்தில் அப்படியே அம்மாவின் ஜாடை.

"என்ன அங்கிள், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன்மா. உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? அம்மா கடைசியா சிரிச்ச இடம் இது." அவள் பெட்டியைக் கையால் தடவினாள். "கஷ்டம் வந்தா அதைத்தான் நினைச்சுக்குவேன். எல்லார் அம்மாவும் அழுதுக்கிட்டுப் போவாங்க. எங்கம்மா சிரிச்சிட்டுப் போனாங்க."

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாலண்டைன் வாயைத் திறந்தார். அதற்குள் தம்புசாமி வந்து தோளில் தட்டினார். "மழை வருதுய்யா. சீக்கிரம்."

மலர் படுத்தாள். மூக்கில் பஞ்சு வைத்தார்கள், தாடைக்குக் கட்டுப் போட்டார்கள். வாலண்டைன் அறையின் மூலையில் இருந்த மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் தம்புசாமி. கேமராவில் குகன், அமைதியான ஆள், வேலையில் கெட்டிக்காரன்.

"ஆக்‌ஷன்."

யாரும் அசையவில்லை. கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன.

ஒரு நிமிடம் போனது. மானிட்டரில் மலரின் முகம் நன்றாகவே இருந்தது. அழகான சின்ன வயசுப் பிணம். இதை வைத்து ஷார்மைன் ஒரு வாரம் சிரிப்பாள் என்று வாலண்டைன் நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது நிமிடத்தில் முகம் மாறியது.

கன்னம் கொஞ்சம் உள்ளே போனது. வாயோரம் ஒரு கோடு விழுந்தது. விளக்கின் வேலையாக இருக்கும் என்று அவர் குனிந்து பார்த்தார். நெற்றியில், மலருக்கு இல்லாத, பவுனம்மாளுக்கு இருந்த அந்தத் தழும்பு தெரிந்தது.

தம்புசாமி காதோரம் கிசுகிசுத்தார். "அதே மாதிரி இருக்குய்யா... அதே மாதிரி. கட் சொல்லிடாத."

அப்போது பெட்டிக்குள் விரல் எழுந்தது.

வலது கை ஆள்காட்டி விரல். மெதுவாக எழுந்து, ஒரு கணம் நடுங்கி, கீழே விழுந்தது.

அடுத்து நடந்ததற்கு வாலண்டைன் தன்னைச் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. ஏனென்றால் அந்த விரலைப் பார்த்த பிறகும் அவருடைய கண் மானிட்டரின் முகத்துக்குத்தான் திரும்பியது. முகம் பிரமாதமாக இருந்தது. ஜனம் கேட்டது இதைத்தான். இன்னும் பத்து செகண்ட், பத்தே செகண்ட் என்று உள்ளுக்குள் ஒன்று கெஞ்சியது.

விரல் மறுபடி எழுந்தது.

"கட்! கட்! தூக்குங்க அவள!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். பெட்டிக்குள் கையை விட்டு மலரின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் திடுக்கிட்டுக் கண் திறந்தாள். அவரே தாடைக் கட்டை அவிழ்த்து, பஞ்சைப் பிடுங்கிப் போட்டார்.

"என்ன அங்கிள்? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. இன்னும் ஒரு நிமிஷம் தாங்கியிருப்பேன்."

"விரலத் தூக்கினியேம்மா. ரெண்டு தடவை தூக்கின!"

"விரலா? நான் எதுக்குத் தூக்கணும்? என் கை ரெண்டும் பூமாலைக்கு அடியில கட்டியிருக்கு பாருங்க."

கட்டித்தான் இருந்தது. ரிப்பன் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது.

"நீங்க விரல் பத்தி ஒண்ணும் சொல்லலையே, அங்கிள். எந்த விரல்?"

கூடத்தில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. வாலண்டைன் பெட்டியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷமாகத் தொண்டையில் நின்றது கொட்டிவிட்டது.

"உங்கம்மாகிட்டதான் சொன்னேன். முடியலன்னா விரலத் தூக்குங்க, உடனே கட் சொல்லிடுறேன்னு. தூக்கினாங்க மலர். மூணு தடவை தூக்கினாங்க. நான் சொல்லல. முகம் நல்லா வந்துச்சு... அதனால சொல்லல. மூணாவது தடவை பாதியிலயே கை விழுந்துடுச்சு. விரல் தெரியக்கூடாதுன்னு படத்துல முகத்த மட்டும் பெரிசாக்கி வெட்டிட்டேன். அவங்க எழுந்திருக்கல. சிரிக்கல. டீ கேட்கல."

தம்புசாமி, "ஐயோ, என்னய்யா இது," என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மலர் அழவில்லை. கையில் கட்டிய ரிப்பனை உருவிவிட்டுப் பெட்டியை விட்டு இறங்கினாள். அவள் முகத்தில் இருந்த பவுடர் காய்ந்த மாவு மாதிரி வெடித்திருந்தது.

"அந்த டிஸ்க் கெடலதானே?"

அவர் தலையை ஆட்டினார். கெடவில்லை. வீட்டில் வைக்கவும் பயம், தூக்கிப் போடவும் பயம். பத்து வருஷமாகத் தோள்பையின் அடியில் போட்டுக்கொண்டு அலைந்தார்.

"போடுங்க. நான் பார்க்கணும்."

"வேணாம்மா. உன்னால தாங்க முடியாது."

"என் அம்மா தாங்கினாங்கல்ல?"

குகன் பேசாமல் டிஸ்க்கை வாங்கி மானிட்டரில் இணைத்தான். எல்லாரும் கூடி நின்றார்கள். வாலண்டைன் கடைசியில், சுவரோரமாக நின்றார். அவருக்கு முன்னால் தலைகள். அவற்றுக்கு நடுவே திரை.

பவுனம்மாள் பெட்டியில் கிடந்தாள். இது வெட்டாத படம், கை தெரிந்தது. விரல் எழுந்தது. உடனே பத்து வருஷத்துக்கு முந்தைய வாலண்டைனின் குரல், தேன் ஒழுக, கூடத்தில் கேட்டது.

"சூப்பரா இருக்கும்மா. இன்னும் பத்து செகண்ட்."

மலர் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் செத்திருக்கலாம். அவள் மறுபடி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விரல் இரண்டாவது முறை எழுந்தது. மூன்றாவது முறை பாதியில் நின்று, விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. பஞ்சு, இமை, மஞ்சள் வெளிச்சம். அடுத்து என்ன என்று வாலண்டைனுக்கு மனப்பாடம். இன்னும் ஒரு நிமிடம் அந்த அம்மாள் அப்படியே கிடப்பாள். பிறகு அவருடைய கை திரைக்குள் வந்து அவளைத் தட்டும். படம் அறுந்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில் மலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா..."

லைட்மேன் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். தம்புசாமி நாற்காலியை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திருக்காங்க," என்றான் குகன். "பாஸ், எழுந்து உட்காருறாங்க."

வாலண்டைன் திரையை உற்றுப் பார்த்தார். பவுனம்மாள் கிடந்தாள். கண் மூடி, வாய் கட்டி, கட்டையாகக் கிடந்தாள்.

"என்ன சொல்றீங்க? கிடக்குறாங்கடா. அப்படியேதான் கிடக்குறாங்க!"

ஒருவரும் அவரைக் காதில் வாங்கவில்லை. மலர் அழுதுகொண்டே சிரித்தாள். "சிரிக்கிறாங்க. அம்மா சிரிக்கிறாங்க." திரையின் வெளிச்சம் பட்டு எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. அத்தனை பேர் பார்க்கிறதை அவர் ஒருவரால் மட்டும் பார்க்க முடியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். பிணம்தான். சத்தியமாகப் பிணம்தான்.

"மலர்... எனக்குத் தெரியலம்மா. எனக்கு மட்டும் தெரியல."

சிரிப்பு மலரின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

"பெட்டிய விட்டு இறங்குறாங்க," என்றான் குகன், குரல் இறங்கி.

"எங்க போறாங்க?" என்று வாலண்டைன் கேட்டார். கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"நேரா வராங்க. கேமராவப் பார்த்து." மலர் ஓரடி பின்னால் வந்தாள். "கிட்ட வந்துட்டாங்க. முகம் ரொம்பப் பெரிசா... இப்ப இருட்டாயிடுச்சு. கேமராவத் தாண்டிப் போயிட்டாங்க."

அவருடைய திரையில் பவுனம்மாள் இன்னும் கிடந்தாள்.

மலர் மெதுவாகத் திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால், சுவர் இருக்கிற இடத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு கேமராவுக்குப் பின்னாடி யார் நின்னுக்கிட்டிருந்தது?"

"நான்தான்," என்றார் வாலண்டைன்.

அவர் காதுக்குப் பக்கத்தில், ரொம்ப நேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்றை யாரோ மெல்ல வெளியே விட்டார்கள்.