கல்லறைத் திருநாளுக்குக் கறுப்பு மை

ஆஷ்லியின் அம்மா ஹில்டா பிப்ரவரி மாதம் இறந்தார். ஆவடிக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு சிமென்ட் சிலுவை மட்டும் இருந்தது. பெயர் வெட்டிய கல் இல்லை. "செய்யச் சொல்லணும்" என்பார் அப்பா அருள்தாஸ். சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசையன்று அப்பாவே அம்மாவின் பெயரை வீட்டுப் பிரிண்டரில் அச்சடித்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சிலுவையில் கட்டினார். மெழுகுவர்த்திச் சூட்டில் உறை ஓட்டையாகிவிட்டது. ஃபாதர் மந்திரித்துத் தெளித்த தீர்த்தம் உள்ளே இறங்கியது. எழுத்துகள் கலைந்து ஓடின. அப்பா கைக்குட்டையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க இன்னும் மோசமாயிற்று. கடைசியில் பெயர் இருந்த இடத்தில் ஒரு கறை இருந்தது.

அதன்பின் அப்பா அங்கே போகவே இல்லை.

நாளை கல்லறைத் திருநாள். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக வந்து மந்திரிப்பார்.

"நீங்க ரெண்டு பேரும் சித்தியோட போய்ட்டு வாங்க" என்றார் அப்பா.

"நீங்க?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஷ்லிக்குப் பதினொரு வயது. அவள் பிரிண்டரைத் திறந்து கறுப்பு கார்ட்ரிட்ஜைக் கழற்றினாள். தம்பி ஜெர்வின் எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஆறு வயது.

"அதுக்கு என்னக்கா?"

"இங்க் தீந்துபோச்சு. ஊசியால ஏத்தணும்."

"அழுமா?"

"நீ ஊசிக்கு அழுவ. இது அழாது."

அலமாரியில் ஒரு பழைய மை பாட்டில் இருந்தது. எடுத்தவள் யோசித்தாள். அன்றைக்குக் கலைந்து ஓடியது இதே மைதான். பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் இருந்த பிரிண்டர் மைக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் திருவேங்கடம் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். "இந்தா பாப்பா. எல்லா பிரிண்டருக்கும் இதான்."

"தண்ணி பட்டா அழியுமாண்ணா?"

"இன்னாத்துக்கு? பேப்பரைக் குளிப்பாட்டப் போறியா?"

"எங்கம்மா கல்லறையில வைக்க" என்றான் ஜெர்வின்.

திருவேங்கடம் சிரிப்பை நிறுத்தினார். குனிந்து உள்ளேயிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தார்.

"ரெண்டுலயும் ஒரு கோடு போட்டுப் பாக்கலாமாண்ணா?" என்று கேட்டாள் ஆஷ்லி.

இரண்டு ஈர்க்குச்சி, ஒரு காகிதம், இரண்டு கோடுகள். காயும்வரை ஜெர்வின் வாயைக் குவித்து ஊதினான். ஆஷ்லி தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தாள். முதல் கோடு ஊதா நிறத்தில் கரைந்து ஓடியது. இரண்டாவது அசையவில்லை.

"ஓடுச்சே, அது டை இங்க். நிக்குதே, இது பிக்மென்ட்" என்றார் திருவேங்கடம். கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பார்த்தார். "இதுல பிக்மென்ட்தான் போடணும். யாரோ டை ஊத்திக்கீறாங்க. ரெண்டும் கலந்துச்சுன்னா திரிஞ்ச பாலாட்டம் அடைச்சுக்கும். பேட்டரிக்கு ஊத்தற தண்ணிய ஏத்தி ஏத்தி எடு. வெளுத்தப்புறம் இத ஏத்து. மெதுவா."

வீட்டில் ஆஷ்லி அப்படியே செய்தாள். ஏற்றினாள், உறிஞ்சினாள். கறுப்பு வந்தது, சாம்பல் வந்தது, கடைசியில் வெறும் தண்ணீர் வந்தது. பிறகு புது மை. துளை ஓரம் மை ததும்பியதும் நிறுத்தினாள். அடிப்பக்கத்தை மெல்லிய துணியில் ஒற்றினாள். அதற்குள் ஜெர்வினுக்குக் கறுப்பு மீசை முளைத்திருந்தது.

முதல் தாளில் வெள்ளைக் கோடுகள். இரண்டாவதில் பாதிப் பெயர். மூன்றாவதாகக் கெட்டி அட்டையை வைத்தாள். பெயர் முழுதாக வந்தது.

அது காய்ந்ததும் அப்பா முன்னால் மேசையில் வைத்தாள்.

"அப்பா, பாருங்க."

சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.

"ஏய்!" அப்பா பாய்ந்து அட்டையைப் பிடுங்கினார். சட்டையால் துடைக்கப் போனவரின் கை நின்றது. தண்ணீர் சொட்டியது. எழுத்துகள் அப்படியே இருந்தன.

அப்பா கட்டைவிரலால் பெயரைத் தேய்த்தார். இன்னும் அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். அதில் மை இல்லை.

அட்டையை மெல்ல மேசையில் வைத்தார்.

"எத்தனை மணிக்கு மந்திரிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"நாலு மணிக்குப்பா."

மறுநாள் நாலு மணிக்கு மழை தூறியது. பாதி மெழுகுவர்த்திகள் அணைந்துவிட்டன. அப்பா அட்டையைச் சிலுவையில் கட்டினார். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அட்டையைக் குனிந்து பார்த்து, "ஹில்டா அருள்தாஸ்" என்று சத்தமாகப் படித்தார். செபம் சொல்லிவிட்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார்.

அப்பா அழுதார். ஜெர்வின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஆஷ்லி மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கல்லறையில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தார். அவர் சிலுவையில் ஒட்டியிருந்த பெயர்க் காகிதம் மழையில் கரைந்து வழிந்தது. ஃபாதர் அதை உற்றுப் பார்த்தார். படிக்க முடியவில்லை. அந்தப் பெண் காகிதத்தை முந்தானையால் துடைக்கத் தொடங்கினார்.

"துடைக்காதீங்கம்மா" என்றார் அப்பா.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க பேரு சொல்லுங்க. எங்க வீட்ல நல்ல இங்க் இருக்கு. எம் பொண்ணு அடிச்சுத் தருவா."